பல் புழுவிலிருந்து பென்சிலின் வரை

‘பல்லில் பூச்சி விழுந்துவிட்டது’ என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். சொத்தையான பல்லுக்குப் ‘பூச்சிப் பல்’ என்றே பெயர். பல்லுக்குள் பூச்சி எதுவும் இல்லை என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அந்தச் சொல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. பல்லுக்குள் குடியிருக்கும் ஒரு புழுவே பல்வலிக்குக் காரணம் என்று பண்டைய பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் எழுதிவைத்தார்கள். சுஸ்ருத சம்ஹிதை இந்நோயைக் ‘கிருமிதந்தம்’ என்று குறிக்கிறது. சீனர்களும் ஐரோப்பியர்களும் இதையே நம்பினார்கள். நம் நாவில் தங்கியிருப்பது அந்தப் பழைய நம்பிக்கையின் எச்சமே.

அந்த நம்பிக்கையைக் கேலி செய்வது எளிது. ஆனால் பல்வலி வந்தவுடன் நாம் இன்று செய்வது என்ன? கன்னம் வீங்கியதும் அலமாரியைத் திறந்து, சென்ற முறை மிச்சமான மாத்திரை அட்டையைத் தேடுகிறோம். இல்லையென்றால் தெருமுனை மருந்துக்கடைக்குப் பிள்ளையை அனுப்பி, ‘பல்வலிக்கு நாலு ஆன்டிபயாடிக்’ வாங்கிவரச் சொல்கிறோம். இரண்டு நாளில் வலி குறைந்துவிடும். பல் மருத்துவரிடம் போகும் எண்ணமும் அத்துடன் குறைந்துவிடும். இப்பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய, பல் நோயின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயனளிக்கும்.

கொர்தோபாவின் அறுவை மருத்துவர்

ஸ்பெயின் நாட்டின் பெரும்பகுதி முஸ்லிம்களின் ஆட்சியில் அந்தலுஸ் என்று விளங்கிய காலம். தலைநகர் கொர்தோபாவுக்கு அருகில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற அரண்மனை நகரம் எழுந்தது. அந்நகரத்தின் பெயரால் அறியப்படுபவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள். கி.பி. 1013 அளவில் மறைந்த அம்மருத்துவர், தம் வாழ்நாள் அனுபவத்தை ‘அத்தஸ்ரீஃப்’ என்ற 30 பாகங்கள் கொண்ட நூலில் எழுதிவைத்தார்கள். அதன் இறுதிப் பாகம் அறுவை மருத்துவத்துக்கு உரியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் இடம்பெற்றிருந்தன. பல் காரையைச் சுரண்டும் கருவிகள், பல் பிடுங்கும் குறடுகள், உடைந்த வேரை நெம்பி எடுக்கும் நெம்புகோல்கள் ஆகியவையும் அவற்றில் அடங்கும்.

பல்லைப் பற்றி அவர்கள் எழுதியவற்றில் இரண்டு செய்திகள் இன்றைக்கும் பொருந்துபவை. முதலாவது, பல்லைப் பிடுங்க அவசரப்படாதே என்பது. இழந்த பல்லுக்கு ஈடு கிடையாது. எனவே மற்ற வழிகள் அனைத்தையும் முயன்ற பின்னரே பிடுங்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள். வலி எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்பதில் நோயாளியே ஏமாந்துபோவதுண்டு என்பதையும், அறியாத நாவிதர்கள் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு நோயுற்ற பல்லை விட்டுவிடுவதையும் கண்டித்து எழுதினார்கள். தீர விசாரித்து, எந்தப் பல் என்று உறுதி செய்த பின்னரே கை வைக்க வேண்டும் என்பது அவர்களின் கட்டளை.

இரண்டாவது, சீழைப் பற்றியது. ஈறிலோ பல்லின் அடியிலோ வீக்கம் ஏற்பட்டு, பழுத்து உடைந்து, சீழ் ஓயாமல் கசிந்து புரையோடிப் போவதை அவர்கள் விவரித்தார்கள். அந்நிலையில் மருந்து பயன் தராவிட்டால் சூட்டுக்கோலால் புரையின் உள்ளே சுட வேண்டும். அதற்கும் ஆறாவிட்டால் அந்த இடத்தைத் திறந்து, அழுகிய எலும்பை அகற்ற வேண்டும் என்று வழிகாட்டினார்கள். நுண்ணோக்கி இல்லாத காலம் அது. பாக்டீரியா என்ற சொல்லும் பிறக்கவில்லை. ஆயினும் உள்ளே அழுகல் இருக்கும்வரை மேலே இடும் மருந்தால் புண் ஆறாது என்ற உண்மை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவாகிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு என்பவர் தொலெடோ நகரில் இப்பாகத்தை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அதன் பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் அதைப் பயின்றனர்.

நம் முன்னோர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. மாமேதை இப்னு ஸீனா அவர்களே பல் புழுவை வெளியேற்ற விதைகளை எரித்துப் புகை பிடிக்கச் சொன்னார்கள். அதே அறிவு மரபிலிருந்துதான் மறுப்பும் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில், டமாஸ்கஸைச் சேர்ந்த அல்ஜவ்பரி என்பவர் ஏமாற்றுக்காரர்களின் தந்திரங்களை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். பல்லிலிருந்து புழுவை எடுத்துக் காட்டுவோரின் மோசடியையும் அதில் அவர் வெளிப்படுத்தினார்.

புழு மறைந்தது, நுண்ணுயிர் தெரிந்தது

1683ஆம் ஆண்டு செப்டம்பரில், ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஒருவர் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் பெயர் ஆன்டனி வான் லேவன்ஹூக். தம் பல்லிடுக்கில் மாவுபோல் படிந்திருந்த வெண்மையான அழுக்கை எடுத்து, நீரில் கலந்து, தாமே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதில் மிகச் சிறிய உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவர் நாள்தோறும் உப்பால் பல் துலக்குபவர். அவர் வாயிலேயே அவ்வளவு! மனித வாயின் பாக்டீரியாக்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் வருணனை அதுவே. ஆனால் அவ்வுயிர்களே நோய்க்குக் காரணம் என்று அப்போது எவரும் நினைக்கவில்லை.

1728இல் பிரான்ஸ் நாட்டின் பியேர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென்றே ஒரு பெருநூலை வெளியிட்டார். நுண்ணோக்கியால் தேடியும் பல் புழுவைத் தாம் காணவில்லை என்று அதில் குறிப்பிட்டார். அப்படியானால் பல்லை அரிப்பது எது? விடை கிடைக்க மேலும் 160 ஆண்டுகள் ஆயின. பெர்லினில் பணியாற்றிய வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், 1890இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கினார். நாம் உண்ணும் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. துளை ஆழமானதும் பாக்டீரியாக்கள் பல்லின் நடுவே உள்ள பற்கூழை அடைகின்றன. நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மெல்லிய சதை அது. அது அழுகி இறந்ததும் தொற்று வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டியாகிறது.

பல் உயிரைப் பறித்த காலம்

சீழ்க்கட்டி உருவான பின் அது எந்தத் திசையில் வழி தேடும் என்பதே நோயாளியின் தலைவிதியைத் தீர்மானித்தது. வெளிப்புறமாக உடைந்தால் வலியோடு தப்பிக்கலாம். கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பற்களில் ஆபத்து மிகுதி. அவற்றின் வேர் நுனிகள் வாயின் தளத்தைத் தாங்கும் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். எனவே அங்கிருந்து கசியும் தொற்று கழுத்துக்குள் எளிதாகப் பரவிவிடும்.

1836இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் வான் லுட்விக் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். தாடைக்குக் கீழே மரக்கட்டைபோல் இறுகும் வீக்கம், மேலே தள்ளப்படும் நாக்கு, விழுங்க முடியாத நிலை, பிறகு மூச்சுத் திணறல், சில நாள்களில் மரணம். அவர் பெயரால் ‘லுட்விக் ஆஞ்சைனா’ எனப்படும் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஒரு சொத்தைப் பல்லே. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அச்சம் பெரிதாக இருந்ததால் எதிர்வினையும் எல்லை மீறியது. 1910இல் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்டர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். வாயில் மறைந்திருக்கும் அழுகலே உடலின் பல நோய்களுக்கு வேர் என்பது அவர் வாதம். அதன் பின்னர் இரண்டு மூன்று பத்தாண்டுகள், மூட்டுவலி முதல் மனநோய் வரை எதற்கெடுத்தாலும் பற்களைப் பிடுங்கும் வழக்கம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது. நலமான பற்களும் கூடப் பிடுங்கப்பட்டன. பல் போனதே தவிர, பலருக்கு நோய் போகவில்லை. பிடுங்க அவசரப்படாதே என்ற அஸ்ஸஹ்ராவியின் அறிவுரையை மருத்துவ உலகம் மறந்த காலம் அது.

மருந்து வந்தது, எச்சரிக்கையும் வந்தது

1928 செப்டம்பரில் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங், தம் கண்ணாடித் தட்டில் படர்ந்த பூஞ்சைக் காளானைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் அழிந்திருப்பதைக் கண்டார். அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்தது ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்டு ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் அடங்கிய குழு. 1940 மே 25 அன்று, கொடிய பாக்டீரியா செலுத்தப்பட்ட எட்டு எலிகளில் நான்குக்குப் பென்சிலின் கொடுத்தார்கள். மருந்து பெற்ற நான்கும் பிழைத்தன. மற்ற நான்கும் மறுநாளுக்குள் மடிந்தன.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. தொற்று அவர் முகம் முழுதும் பரவி, ஒரு கண்ணையும் பறித்திருந்தது. ஒரே நாளில் காய்ச்சல் தணிந்தது, பசி எடுத்தது. ஆனால் உலகில் இருந்த பென்சிலினே அவ்வளவுதான். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்து மீண்டும் செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது. தொற்று திரும்பியது, மார்ச் 15 அன்று அவர் இறந்தார். இன்று நாம் பாதி தின்றுவிட்டு அலமாரியில் போட்டுவைக்கும் மருந்தின் உறவு மருந்துக்காக, அன்று ஓர் உயிர் காத்திருந்து பிரிந்தது.

பென்சிலின் பரவலாகக் கிடைத்த பின் லுட்விக் விவரித்த நோயின் முகமே மாறிற்று. அவசர அறுவை மருத்துவமும் மூச்சுக்குழாயைக் காக்கும் முறைகளும் சேர்ந்துகொள்ள, இறப்பு விகிதம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பல்லுக்கென்று மற்றொரு மருந்து தற்செயலாக வந்து சேர்ந்தது. ஒட்டுண்ணித் தொற்று ஒன்றுக்காக மெட்ரோனிடசோல் உட்கொண்ட பெண்மணி ஒருவருக்கு, அவரை வருத்திவந்த கடுமையான ஈறுப் புண்ணும் சேர்ந்து ஆறியது. பிரிட்டனின் ஷின் என்ற பல் மருத்துவர் இதைக் கவனித்து 1962இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். காற்றில்லா இடத்தில் வாழும் பாக்டீரியாக்களை அம்மருந்து கொல்கிறது என்பது இதன் வழியாகத் தெரியவந்தது. பல் மருத்துவர்கள் இன்று அமாக்சிசிலினுடன் மெட்ரோனிடசோலையும் சேர்த்து எழுதுவதன் பின்னணி இதுவே.

ஆனால் வெற்றிச் செய்தியோடு எச்சரிக்கையும் வந்துவிட்டது. 1940 டிசம்பரில், அந்தக் காவலருக்கு மருந்து செலுத்தப்படும் முன்பே, பென்சிலினைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன என்று செயினும் எட்வர்டு ஏப்ரகாமும் அறிவித்தார்கள். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஃபிளெமிங் ஆற்றிய உரையில், அறியாத மனிதர் குறைந்த அளவில் மருந்தை உட்கொண்டு, பாக்டீரியாக்களைக் கொல்லாமல் அவற்றை எதிர்த்து நிற்கப் பழக்கிவிடும் காலம் வரக்கூடும் என்று கவலை தெரிவித்தார். அக்காலம் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என 2022இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

மாத்திரை ஏன் வேரை அடைவதில்லை?

நாம் விழுங்கும் மருந்து இரத்தத்தில் கலந்துதான் நோயுள்ள இடத்துக்குச் செல்ல வேண்டும். அழுகி இறந்த பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லை. அங்கே செல்ல மருந்துக்கு வழியும் இல்லை. சீழ்க் குழியின் நடுப்பகுதிக்கும் அது போதிய அளவில் போய்ச் சேருவதில்லை. சுற்றியுள்ள திசுக்களில் பரவிய பாக்டீரியாக்கள் மடிவதால் வீக்கம் வற்றுகிறது, வலி தணிகிறது. ஆனால் பல்லின் உள்ளே குடியிருப்பவை அப்படியே இருக்கின்றன. சில வாரங்களில் அவை மீண்டும் வெளியே வருகின்றன. பலமுறை மருந்துக்குப் பழகியவை எஞ்சினால், அடுத்த முறை அதே மாத்திரை வேலை செய்யாது.

எனவேதான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் எதிர்ப்பாற்றல் குறையாத பெரியவர்களின் பெரும்பாலான பல்வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்கிறது. உரிய நேரத்தில் பல்லைத் திறந்து வேர் சிகிச்சை செய்வது, சீழை வடிப்பது, காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்குவது ஆகியவையே மருத்துவம். காய்ச்சல், பரவும் வீக்கம் போன்றவை தோன்றினால் ஆன்டிபயாடிக் துணைக்கு வருகிறது. சீழ் வடியாமலும் அழுகலை அகற்றாமலும் புண் ஆறாது என்று கொர்தோபாவில் எழுதப்பட்டதைத்தான் இன்றைய அறிவியல் காரணத்துடன் விளக்குகிறது.

இதை மருத்துவர் எழுதித் தரும் மருந்தை மறுப்பதற்கான ஆதாரமாக எவரும் கொள்ளலாகாது. நீரிழிவு கட்டுப்படாதவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் போன்றோருக்குத் தொற்று விரைவில் பரவும். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களுக்குப் பல் பிடுங்கும் முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுவதுண்டு. எனவே உடலில் வேறு நோய் இருப்பின் அதைப் பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாடைக்குக் கீழோ கண்ணைச் சுற்றியோ வீக்கம் பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கவும் மூச்சு விடவும் சிரமமாக இருந்தால், அது காத்திருக்கும் நேரமல்ல. இரவானாலும் பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நமக்குரிய பாடம்

பல்லின் தூய்மையை நமக்கு மார்க்கமே கற்றுத் தந்திருக்கிறது. சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் அறிவோம். தமிழில் உகாய் எனப்படும் மரத்தின் குச்சியே மிஸ்வாக்காகப் பெரிதும் பயன்படுகிறது. லேவன்ஹூக் தம் பல்லில் கண்ட அந்த மாவுப் படலத்தை நாள்தோறும் நீக்குவதே சொத்தையைத் தடுக்கும் முதல் வழி. ஆனால் சொத்தை விழுந்து பற்கூழை அடைந்துவிட்ட பிறகு, மிஸ்வாக்கோ தூரிகையோ கிராம்போ அதைக் குணப்படுத்தாது. நோய்க்கு மருத்துவம் தேடுவதும் நபிவழியே.

‘ரமளான் முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று பல் மருத்துவத்தை ஒத்திப்போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பல்லைத் துளைப்பது, பிடுங்குவது, சுத்தம் செய்வது ஆகியவை, தொண்டைக்குள் செல்வதை விழுங்காமல் தவிர்த்தால், நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. விவரங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டறியலாம். சீழ் வைத்த பல்லோடு ஒரு மாதம் காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

மாத்திரை அட்டையின் பின்புறத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவரின் சீட்டின்றி அதை உட்கொள்ளக் கூடாது என்பது பொருள். இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி மக்களுக்கு உணர்த்தும் இயக்கத்தை 2016இல் நம் நாட்டு அரசு தொடங்கியது. வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். எழுதித் தந்த நாள்களுக்குக் குறைத்து நிறுத்தாதீர்கள். உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ கன்னம் வீங்கினால் மருந்துக்கடைக்கு முன் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நம் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். ஆன்டிபயாடிக் மருந்தும் அப்படியே. அதை நாம் வீணாக்கினால் நம் பேரப்பிள்ளைகள் மீண்டும் லுட்விக்கின் காலத்துக்குத் திரும்ப நேரிடும். அந்த அமானத்தைப் பேணும் அறிவையும் பொறுப்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.